தனித்தன்மை இல்லை என்று நான் சொன்ன குரல்

தனபால் என்ற பாடகனுக்குத் தனித்தன்மை இல்லை என்று ஒரு குரல் தேர்வில் நான் சொன்னேன். அவனிடம் இருந்த தனித்தன்மையை ஞாயிறு தோறும் உட்கார்ந்து, பொறுமையாகச் செதுக்கி எடுத்து எறிந்தவன் நான்தான். எறிந்தது என் தேவைக்காக. பிறகு அது இல்லை என்று சொன்னதும் என் தேவைக்காக. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் உங்களிடம் பாட்டைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைத் தேடி வருகிறீர்கள். கந்தப்பளையிலிருந்தும் டயகமவிலிருந்தும் பஸ் ஏறி வந்து, போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்: "சேர், ஒங்க குரல்ல ஒரு தனி அடையாளம் இருக்கே, அத எப்பிடி உருவாக்கினீங்க?" வெந்நீர், விடியற்காலைப் பயிற்சி, ஒழுக்கம் என்று நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அழித்துவிடுங்கள். சரியான பதில் இதுதான்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அதனால் நான் கொழுந்துக்கூடைக்குப் போகாமல் படித்தேன். தமிழ் ஆசிரியரானேன். வாரநாட்களில் பாடசாலை, சனி ஞாயிறில் ஹட்டன் இசைக்குழு. குழுவின் சொந்தக்காரர் பசாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகன். கீபோர்ட் வாசிப்பார். எல்லோரும் மாஸ்டர் என்போம். நான் முதன்முதலாக அவர் முன்னால் பாடியபோது பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"நல்லா இருக்கு சேர். ஆனா இது யாரு?"

"நான்தாங்க மாஸ்டர்."

"அதான் கேக்கிறேன். ஒங்கள யாருக்குத் தெரியும்? சனம் மழையில நனைஞ்சுகிட்டு வர்றது ரேடியோவுல கேட்ட குரல நேர்ல கேக்க. எங்க கடையில மெட்ராஸ் சேலைன்னு சொன்னாத்தான் பிரிச்சே பாப்பாங்க. கண்டியில நெய்தது அதவிட நல்லாருக்கும். சீண்ட மாட்டாங்க."

அவர் கெட்டவர் அல்ல. சரக்குத் தெரிந்தவர். நான் அவர் சொன்னதைக் கேட்டேன். இந்தியாவின் ஒரு புகழ்பெற்ற பாடகரைப் போலப் பாடப் பழகினேன். மூச்சு விடும் இடம், சிரிக்கும் இடம், சொல்லை மெல்லும் விதம் எல்லாம் அவருடையவை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. போதுமான அளவு எழுதியாகிவிட்டது. என் போஸ்டர் ஒவ்வொன்றிலும் 'மலையகத்தின்' என்று போட்டு அவர் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். என் பெயர் அடியில், அச்சகத்தின் பெயரைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும்.

பசாரில் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குப் பூரிப்பாக இருந்தது. இரவல் சட்டை உடம்புக்குப் பொருந்தியிருக்கிறது என்று கிடைத்த பாராட்டை நான் புகழ் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் தவறு டயகமவில் ஒரு தோட்டத்துக் கோவில் திருவிழாவில் நடந்தது. தேர் சுற்றி வந்து நிலையில் நின்றுவிட்டது. பின்னேர வெயில் மங்கி, பனிமூட்டம் கோவில் வாசலுக்கே இறங்கிவிட்டது. வகுப்பறைச் சுண்ணக்கட்டித் தூளும் குளிரும் சேர்ந்து என் தொண்டையை அந்த வாரம் பாழாக்கியிருந்தன. இரண்டாவது பாட்டின் உச்ச வரிக்கு வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது.

அந்த வரி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏறக்குறைய என் குரல். மாஸ்டரின் கை நிற்கவில்லை. நான் திரும்பாமல் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாயை அசைத்தேன். வரி முடிந்ததும் விசில் பறந்தது.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் தொண்டை போகும். நின்றுவிடுங்கள். தொண்டை போய்விட்டது என்று சனத்திடம் சொல்லுங்கள். நம் சனம் திட்டாது. யாராவது ஒரு அம்மா வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். பாடியவன் யார் என்று திரும்பிப் பார்த்து, அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. நான் திரும்பக்கூட இல்லை.

பாடியவன் தனபால். பூண்டுலோயாவில் தேயிலைத் தொழிற்சாலை வேலை. எங்கள் பக்கம் அதை ஸ்டோர் என்போம். கொழுந்து வாட்டும் மேல்மாடியில், காற்றாடி இரைச்சலுக்கு நடுவில் அவன் வேலை. சனி ஞாயிறில் எங்களோடு வந்து பெட்டி ஏற்றி இறக்குவான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வயர்களைப் பார்த்துக்கொள்வான். கோரஸ் மைக் அவன் பக்கத்தில் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். வாய் ஓயாது.

"கோவிச்சுக்காதீங்க சேர்," என்றான் லொறிக்குப் பக்கத்தில். "வண்டி பள்ளத்துல சறுக்கிற மாதிரி இருந்துச்சு. சும்மா ஒரு கல்லப் போட்டு முட்டுக் குடுத்தேன்."

"எப்பிடிப்பா என்ன மாதிரியே பாடுன?"

"ஒங்க மாதிரி எங்கங்க. ஒங்க மாதிரி பாடணும்னா மொதல்ல அந்த இந்தியாக்காரரு மாதிரில்ல பாடணும்."

மாஸ்டர் சிரித்தார். பிறகு, "சரி, நீ ஒன் மாதிரி பாடு பாப்போம்," என்றார்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே பாடினான். மூக்கு லேசாகச் சேர்ந்த குரல். வரியின் கடைசி எழுத்தை விடமாட்டான். அதைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கி, எதிர்மலையில் நிற்கும் ஆளுக்கு எட்டுகிற மாதிரி வீசுவான். சுருதி சுத்தம், ஆனால் ஓரம் கரடுமுரடு. யாரைப் போலவும் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு குரலை அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. கேட்டபோதே அது எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது.

"குரல் பெரிசு," என்றார் மாஸ்டர். "கொஞ்சம் வழிச்சு எடுக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

வழித்து எடுத்தேன். ஞாயிறு மத்தியானங்களில் புடவைக்கடையின் பின்பக்கக் களஞ்சியத்தில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் பயிற்சி. என் பாட்டுகளை ஹெட்போனில் போட்டு, கூடவே பாடச் சொல்வேன். மூக்கை விடு. கடைசி எழுத்தை இழுக்காதே. அந்த வீச்சு வேண்டாம். அந்தக் கரகரப்பு வேண்டாம். நான் நல்ல ஆசிரியர். என்னிடம் படித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஒரு பிள்ளையின் பிழையான உச்சரிப்பை எப்படிப் பிள்ளைக்கே தெரியாமல் மாற்றுவது என்று எனக்குத் தெரியும். அந்தத் திறமை முழுவதையும் அவன் மேல் செலவழித்தேன்.

ஒருநாள் வந்து சொன்னான்: "நேத்து லயத்து வீட்டுக்கு வெளிய நின்னு பாடிக்கிட்டே வந்தேங்க சேர். எங்க வீட்டு நாயே என்னப் பாத்துக் குலைக்குது. சேர்தான் வர்றாருன்னு நெனச்சிருக்கும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான்.

முதலில் உச்ச வரிகளை மட்டும் பாடினான். பிறகு சரணங்கள். பிறகு சில முழுப் பாட்டுகள். நான் முன்னால் நின்று கையை வீசுவேன், கூட்டத்துக்குக் கும்பிடு போடுவேன். அவன் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருப்பான். அவனுக்குக் கலியாணம் ஆன புதிதில் மனைவி சாந்தி ஒரு திருவிழாவுக்கு வந்திருந்தாள். கொழுந்து எடுக்கும் பெண், வாய்த்துடுக்கு அதிகம். "பாடப் போறேன் பாடப் போறேன்னு சொன்னாரு. வந்து பாத்தா தலை மட்டும் தெரியுது. நெசமாவே பாடுறாராங்க சேர், இல்ல வயர் சுத்துறாரா?" என்று என்னிடமே கேட்டாள்.

"கோரஸ் பாடுறாரும்மா," என்றேன்.

அந்த அம்மன் பாட்டு உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் எந்தத் தோட்டத்துக் கோவில் வழியாகப் போனாலும் குழாய் ஸ்பீக்கரில் கேட்கும். என்னைத் தேடி வருகிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாட்டால்தான் வருகிறீர்கள். கொழும்பில் ஒலிப்பதிவு செய்தபோது கண்ணாடி அறைக்குள் நான் முயன்று பார்த்தேன். பிசிறிவிட்டது. மாஸ்டர் கதவைத் திறந்து தனபாலை உள்ளே அனுப்பினார். அவன் ஒரே மூச்சில் பாடி முடித்தான். கசெட் அட்டையில் நான் பட்டு வேட்டியில் கும்பிட்டுக்கொண்டிருக்கிற படமும் என் பெயரும் வந்தன.

அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவன் ஒன்று கேட்டான். "ஒரு ஓரமா கோரஸ் தனபால்னு போடச் சொல்லுங்களேன் சேர். வீட்ல காட்டத்தான். இல்லாட்டி அவ நம்ப மாட்டேங்குறா."

மாஸ்டரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

புகழ் என்ன செய்யும் என்றும் சிலர் கேட்டீர்களே, இதுதான் செய்யும். அந்தப் பாட்டை வெள்ளிக்கிழமைகளில் கேட்கும்போது சில வருடங்களில் எனக்கே அது என் குரல்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. யாராவது பாராட்டினால் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது.

பிறகு அந்தக் குரல் தேர்வு. வானொலிக்குப் புதுப் பாடகர்களைத் தெரிவு செய்யக் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்திருந்தார்கள். நடுவர்களாக ஒரு அறிவிப்பாளர் அம்மா, வயலின் வாசிக்கும் ஒரு பெரியவர், உள்ளூர் ஆளாக நான். தனபால் என்னிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தான். நன்றாக மடிப்புப் பிடித்த வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தவன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"சேரும் இருக்கீங்களா. அப்ப பயமில்ல."

அவன் பாடியது அவனே எழுதி மெட்டமைத்த பாட்டு. ஸ்டோர் மாடியில் வாடிக்கொண்டிருக்கிற கொழுந்தின் வாசனையைப் பற்றியது. சொற்கள் அவனுடையவை. குரல் முழுக்க நான். ஆனால் இரண்டாவது சரணத்தின் முடிவில் தன்னை மறந்துவிட்டான். கடைசி எழுத்து கீழே இறங்கி, தூக்கி, வீசப்பட்டது. அந்தப் பழைய வீச்சு. வயலின்காரர் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"இது என்ன, இப்ப வந்துச்சே?" என்று என்னிடம் குனிந்து கேட்டார்.

அறிவிப்பாளர் அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "ஒங்க ஊர்ப் பாடகர். நீங்களே சொல்லுங்க சேர்."

அவன் வானொலியில் பாடினால் சனம் அந்தக் குரலைக் கேட்கும். அம்மன் பாட்டையும் கேட்கும். இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒருவர் போதும். என் மனதில் ஓடியது அது மட்டும்தான். பொறாமை என்றுகூடச் சொல்ல முடியாது. பொறாமைப்படவும் பாட்டின் மேல் கொஞ்சம் அன்பு வேண்டும். எனக்கு இருந்தது பயம்.

"குரல் நல்ல குரல்," என்றேன். "ஆனா இது பின்பற்றுற குரல். என்னக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்காரு. தனித்தன்மை இல்ல. வானொலிக்கு இன்னொரு நான் எதுக்கு?"

அவர்கள் சிரித்தார்கள். தனபாலும் சிரித்தான். என் பகிடிகளுக்குச் சிரித்துப் பழகியவன். சிரித்து முடித்த பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றான் என்று நினைக்கிறேன். வயலின்காரரும் காத்திருந்தார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வெளியே வந்து, "அடுத்த தடவ பாப்போம் தனபால்," என்றேன்.

"பரவால்லங்க சேர். சனிக்கிழம ப்ரோகிராம் இருக்குல்ல? வயரெல்லாம் சுத்தி வச்சிட்டேன்."

சனிக்கிழமை வந்தான். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வானொலிக்குத் தேவையில்லை என்று நான் சொன்ன அதே குரலில் எனக்காகப் பாடினான். என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அதோடு ஒரு கணக்கு முடிந்திருக்கும்.

அடுத்த வருடம் அவன் கொழும்புக்கு ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போய்விட்டான். உச்ச வரிகளைப் பாட ஆள் இல்லை. நான் மேடையிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தேன். புகழின் உச்சியில் இருக்கும்போதே விலகிய பண்பாளர் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் தனித்தன்மையைப் பற்றிப் பேசினேன். உங்களில் சிலர் அந்தப் பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். கைதட்டியிருப்பீர்கள்.

கொஞ்சகாலத்துக்கு முன் நுவரெலியாவில் எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அந்த மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தனபாலை முன்னால் நிறுத்திப் பாடவைப்பது என்று தீர்மானித்தேன். அவனைத் தேடிப் பூண்டுலோயாவுக்குப் போனேன். கொழும்பிலிருந்து திரும்பி வந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. சாந்தி மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க சேர்?" என்றாள் சாந்தி. "பஸ் இல்லையா?"

"விடு சாந்தி," என்றான் தனபால்.

"என்னத்த விட? அந்தப் பாட்டு இவரு பாடினதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மொத வெள்ளிக்கிழமையே தெரியும். மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறேன், கோவில்ல போடுறாங்க. பக்கத்து நெரையில நின்னவகிட்ட சொன்னேன், இது எங்க வீட்டுக்காரருன்னு. நெரை முழுக்கச் சிரிச்சாளுக."

தனபால் என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஒங்களுக்கு மனசு பாரமா இருக்குங்க சேர். எறக்கி வைக்க எடம் தேடி வந்திருக்கீங்க. எறக்குங்க. ஆனா என் தலையில எறக்கிறாதீங்க."

அவன் சொன்னதை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை. என் பாவமன்னிப்பின் அவசரத்தில் இருந்தேன். வற்புறுத்தினேன். கடைசியில் சாந்திதான் சொன்னாள்: "போங்களேன். ஒரு தடவ முன்னுக்கு நின்னு பாடுங்க. நானும் பாத்துக்கிறேன்." அவளுக்காக ஒத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். நான் மைக்கை வாங்கி, உங்களுக்கு இப்போது சொன்னதை ஏறக்குறைய இதே ஒழுங்கில் சொன்னேன். அம்மன் பாட்டு என் குரல் இல்லை என்றேன். குரல் தேர்வில் நான் சொன்னது பொய் என்றேன். பிறகு கைதட்டல் எழுந்தது. தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "தன் சீடனை உயர்த்துவதற்காகத் தன்னையே இவ்வளவு தாழ்த்திக்கொள்ளும் பெருந்தன்மையை நாம் எங்கே பார்க்க முடியும்?" என்றார்.

நான் மைக்கைப் பிடுங்கி, "இது பெருந்தன்மை இல்ல. நடந்தது," என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

தனபால் முன்னால் வந்தான். குரல் தேர்வில் பாடிய அதே கொழுந்துப் பாட்டு. முதல் வரி என் குரலில் வந்தது. நிறுத்திவிட்டான். செருமிக்கொண்டு, சுருதியை இறக்கி மறுபடி எடுத்தான். மறுபடியும் நான். மைக்கை ஒரு முறை தட்டிப் பார்த்தான், வயரில் ஏதோ கோளாறு என்பது போல. பிறகு அப்படியே முழுப் பாட்டையும் பாடி முடித்தான். இரண்டாவது சரணத்தின் முடிவுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் எதுவும் வரவில்லை. என் பயிற்சி அவ்வளவு சுத்தம்.

"அச்சு அசல் சேர்தான்," என்றார் முன்வரிசையில் ஒருவர். இப்படி ஒரு சீடனை உருவாக்கியதற்காக எனக்கு இரண்டாவது பொன்னாடை போர்த்தினார்கள். கடைசி வரிசையில் சாந்தி எழுந்து வெளியே போவது தெரிந்தது.

திரும்பும்போது அவனுடைய ஆட்டோவில்தான் வந்தேன். சாந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது தனபால் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"சேர், எனக்கு முந்தி ஒரு இழுப்பு வருமே. மூக்குல சேந்து, கீழ எறங்கி, அப்பறம் தூக்குமே. அது எப்பிடிங்க வரும்? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன். எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

பாடிக் காட்ட முயன்றேன். எனக்கு வரவில்லை. அந்தக் குரலை விவரிக்க எனக்குச் சொற்கள் இருந்தன, தொண்டை இல்லை. அது எந்த ஒலிநாடாவிலும் பதிவாகவில்லை. பதிவானதெல்லாம் நான் அதை அகற்றிய பிறகு பாடியவை. "சரி விடுங்க சேர்," என்று கியரை மாற்றினான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மாஸ்டரின் மகன் பழைய கசெட் பாட்டுகளை யூடியூபில் ஏற்றியிருந்தான். அம்மன் பாட்டின் கீழே என் பெயரை எடுத்துவிட்டுத் தனபாலின் பெயரைப் போடச் சொன்னேன். போட்டான். சில நாட்களில் அதன் கீழே வசைகள் குவிந்தன. பெரியவரின் பாட்டைத் திருடுகிறான், பெட்டி தூக்கியவன் உரிமை கொண்டாடுகிறான், சேரின் நல்ல மனசைப் பயன்படுத்திக்கொள்கிறான் என்று எழுதினார்கள். விழாவில் அவன் பாடிய வீடியோவைப் பக்கத்தில் போட்டு, பாருங்கள், மிமிக்ரி செய்கிறான், இதுவே சாட்சி என்று ஒருவர் நிரூபித்திருந்தார். நான் என் பெயரிலேயே பதில் எழுதினேன். சேரின் யூடியூப் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றார்கள்.

சாந்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர், அந்தப் பேர எடுத்துருங்க."

"உண்மை வெளிய வரணும்தானேம்மா..."

"உண்மை ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ஆட்டோ நிறுத்துற எடத்துல பாட்டுக் கள்ளன்னு பகிடி பண்றானுக. மகளுக்கு மாப்பிள்ள பேசிக்கிட்டு இருக்கோம். பொண்ணு பாக்க வந்தவங்க போன எடுத்துக் காட்டிக் கேக்குறாங்க, இது ஒங்க அப்பாவான்னு. இவரு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. முந்தி எங்களுக்குப் பேரு இல்ல. அவ்வளவுதான். இப்ப கெட்ட பேரு இருக்கு."

ஹட்டனுக்குப் போனேன். மாஸ்டரின் மகன் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனபாலின் பெயரை அழித்துவிட்டு என் பெயரை மறுபடி போட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லவேள சேர்," என்றான். "சனம் ரொம்பக் கோவமா இருந்துச்சு."

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எடுத்து எழுத விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் குரலில் எந்த இடத்தை வழித்து எடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் அன்போடு சொன்னால், அந்த இடத்தை முதலில் உங்கள் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்வது நானாக இருந்தாலும்.

இதை எழுதி முடித்ததும் கொண்டுபோய் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். தனபால் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். நாய் குலைத்த இடத்தில் மட்டும் சிரித்தான். சாந்தி தாள்களை வாங்கி அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "எழுதுங்க. பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ஆனா பேரு வேணாம்," என்றாள்.

"ஊரையும் மாத்திருங்க சேர்," என்றான் அவன்.

மாற்றியிருக்கிறேன். தனபால் என்பது அவன் பெயர் அல்ல. சாந்தியும் அவள் பெயர் அல்ல. பூண்டுலோயா அவர்கள் ஊர் அல்ல. இதை அச்சிடுகிறவர்கள் அடியில் என் பெயரைப் போடுவார்கள்.